ஆறுதலாப் போற வருத்தம்

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். கண்ணாடிக் குழாய்களை உடைத்திருக்கிறேன். நுணுக்குக்காட்டியின் வில்லையைத் துடைக்கப்போய்க் கீறியிருக்கிறேன். ஒருமுறை, மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்ற முடிவை மாமனாரின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "மிஸ், எனக்கு இது எத்தனாவது மாசமுங்க?" என்று கேட்டார். இந்த மாதிரிப் பிழைகளை நினைத்து இன்றைக்கும் தனியாகச் சிரிப்பேன். ஒரு பிழையை மட்டும் அப்படி லேசாக எடுக்க முடியவில்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சொல் ஒன்றால் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன்.

அதை இப்போது எழுதக் காரணம் பாஸிலா. நான் ஓய்வு பெற்ற ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளை, மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு நோயாளிக்கு எலும்பு மச்சையில் அபூர்வமான கோளாறு என்று கண்டியிலிருந்து முடிவு வந்திருக்கிறது. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல ஆஸ்பத்திரி வாட்டில் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மிஸ், 'க்ரொனிக்' எண்டு எழுதியிருக்கு. அத தமிழ்ல அவருக்கு என்ன சொல்லுற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய பயமும் வந்தது. "பாஸிலா, நான் சொல்லுறதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் அந்தாளுக்கு முன்னால வாயைத் திறவாதை" என்றேன். பிறகு அரை மணித்தியாலம், அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்ட ராமையாவின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இத எழுதி வைங்க மிஸ்" என்றாள்.

என் கதை சுருக்கமானது. ஊர் பருத்தித்துறைப் பக்கம். படிப்பும் பயிற்சியும் கொழும்பில். எழுபதுகளின் நடுவில் மாத்தளை மாவட்டத்துக்கு நியமனம் கிடைத்தது. "ரண்டு வருஷத்திலை மாற்றம் எடுத்துக்கொண்டு வந்திடு" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பி வைத்தார். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. அலுவிகாரையில் அறை எடுத்தேன். அதே தெருவில் இருந்த தபால் கந்தோர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்தேன். மிளகு காய்கிற வாசனை இல்லாவிட்டால் மூக்குக்கு என்னவோபோல் இருக்கிறது என்கிற அளவுக்கு ஊரோடு ஒட்டிப்போனேன்.

வாய் மட்டும் பருத்தித்துறையிலேயே நின்றுவிட்டது. தோட்டத்துச் சனங்கள் ஆய்வுகூட யன்னலில் நின்று, "என்னங்க மிஸ் சொல்றீங்க?" என்று மூன்று தரம் கேட்பார்கள். முடிவு தயாராகாவிட்டால் நான் "பேந்து வாங்கோ" என்பேன். 'பேந்து' என்றால் பிறகு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பெரியவர் அதை ஏதோ ஓர் ஊர் என்று நினைத்து, "பேந்துக்கு எந்த பஸ்ஸுங்க மிஸ்?" என்று கேட்டது எங்கள் ஆய்வுகூடத்தில் பல நாள் சிரிப்பு. அன்றே நான் பாடம் படித்திருக்க வேண்டும். நான் சிரித்ததோடு சரி.

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜயசுந்தர மாத்தயா; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த மனிதர், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. மேசை லாச்சியில் இஞ்சி டொபி வைத்திருப்பார். நல்ல வேலைக்கு ஒரு டொபி, மோசமான வேலைக்கும் ஒரு டொபி. அதனால் டொபியை வைத்து அவருடைய மனதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் ஏசி யாரும் கேட்டதில்லை. முடிவு எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். இலக்கத்தில் சிறு சந்தேகம் இருந்தாலும் சிங்களத்தில் இரண்டே சொல்: "தவ பாரக்." இன்னொரு தரம் என்று அர்த்தம். விளக்கம் கிடையாது, கோபம் கிடையாது. நாங்கள் திரும்பிப் போய் முதலிலிருந்து செய்ய வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் அவருக்கு எங்கள் பட்டப்பெயரே தவ பாரக்தான்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எங்கள் வாடகை வீடு எரிந்தபோது நானும் கணவரும் ஒன்பது நாள் அவர் வீட்டில் இருந்தோம். நான் ஓயாமல் அழுதுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஜயசுந்தர மாத்தயா ஆய்வுகூடத்திலிருந்து பழைய நுணுக்குக்காட்டியையும் ஒரு பெட்டி ரத்தப் பூச்சுக் கண்ணாடிகளையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, வெள்ளணுக்களை எண்ணச் சொன்னார். என்ன கல்நெஞ்சக்கார மனிதர் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே எண்ணினேன். எண்ணி முடித்துத் தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "தவ பாரக்" என்றார். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்குப் பிடித்துவிட்டது.

அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகுதான் பாக்கியம் எங்கள் யன்னலுக்கு வந்தாள். பல்லேபொலப் பக்கம் கொக்கோவும் மிளகும் ரப்பருமாக ஒரு சிறிய தோட்டம். அங்கே அவள் ரப்பர் பால் எடுப்பவள். கணவர் ராமையா தோட்டத்து ஸ்டோர் காவல்காரர். அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு யன்னலுக்குள் தலையை நுழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மிஸ், ரத்தத்தப் பாத்தா ஆளு குடிச்சிருக்கான்னு தெரியுமுங்களா?"

"ஏன்?"

"மூஞ்சியப் பாருங்க. கண்ணப் பாருங்க. சத்தியமா குடிக்கலேங்குறாரு. தோட்டத்து தொரை நம்ப மாட்டேங்குறாரு. இன்னொரு தடவ இப்புடி செவந்துபோயி வந்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னு சொல்லிட்டாருங்க."

ராமையாவைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகம் பழுத்த கொக்கோக் காய்போல் சிவந்திருந்தது. கண்ணும் அப்படியே.

"மாசி மாசம் காமன் கூத்துல கோவக்கார வேஷம் கட்டுவேங்க. ரெண்டு வருஷமா சாயமே பூசுறதில்ல, அப்புடியே ஏறிருவேன்" என்று அவர் பெருமையாகச் சொன்னார். பாக்கியம் அவரை முழங்கையால் இடித்தாள்.

டொக்டர் எழுதியிருந்த பரிசோதனைகளில் ஒன்று, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு பங்கு என்று பார்ப்பது. இப்போது யந்திரம் ஒரு நிமிஷத்தில் அச்சடித்துத் துப்பிவிடும். அந்தக் காலத்தில் நூல்போன்ற கண்ணாடிக் குழாய் ஒன்றை ரத்தத்தில் தொட்டால் அது தானாக உறிஞ்சி மேலே ஏறும். ஒரு முனையைக் களிமண் போன்ற பசையால் அடைத்துச் சுழல் யந்திரத்தில் ஐந்து நிமிஷம் சுற்ற விட வேண்டும். சுற்றி நின்றதும் சிவப்பணு அடியில் படிந்திருக்கும், மேலே வைக்கோல் நிறத் தண்ணீர் நிற்கும். சிவப்பு எதுவரை நிற்கிறது என்று அளவுச் சட்டத்தில் வைத்து வாசிப்போம். ஆணுக்கு நூற்றுக்கு நாற்பத்தைந்து வாக்கில் இருந்தால் திருப்தி. தோட்டத்துப் பெண்களுக்கு முப்பதைக் கண்டாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ராமையாவின் குழாயில் சிவப்பு அறுபத்தாறில் நின்றது.

ஜயசுந்தர மாத்தயாவிடம் கொண்டுபோனேன். தவ பாரக். இரண்டாவது குழாயும் அறுபத்தாறு. தவ பாரக். கையில் ரப்பர்ப் பட்டியை அதிக நேரம் கட்டினால் ரத்தம் தடிக்கும் என்பதால் இந்த முறை மற்றக் கையில், பட்டியே கட்டாமல் எடுத்தேன். அறுபத்தைந்தரை. மாத்தயா எழுந்து வந்து குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு யன்னலுக்குப் போய் ராமையாவிடம் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குளித்ததும் உடம்பு கடிக்கிறதா?"

பாக்கியம் முந்திக்கொண்டாள். "அய்யோ, அத ஏங்க கேக்குறீங்க! குளிச்சு முடிச்சா ஒரு மணி நேரம் சொறிஞ்சிக்கிட்டே கெடப்பாரு. அதனாலயே குளிக்க மாட்டேங்குறாரு. பூசாரி மந்திரிச்சுக்கூடப் பாத்தாச்சு. தண்ணிக்கும் இவருக்கும் ஆகாதுன்னுட்டாரு."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் மாத்தயா என்னிடம் ஆங்கிலத்தில் நோயின் பெயரைச் சொன்னார்: பொலிசைத்தீமியா வீரா. பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி, அதுவரை நான் கண்டதில்லை. எலும்புக்குள் இருக்கும் மச்சைதான் ரத்தம் செய்யும் அடுப்படி. இந்த நோயில் போதும் என்று யார் சொன்னாலும் அந்த அடுப்பு அணையாது, மேலும் மேலும் செய்துகொண்டே இருக்கும். ரத்தம் தடித்து, ஓட வேண்டிய இடத்தில் ஓடாமல் கட்டிபடும். தலையில் கட்டிபட்டால் கைகால் விளங்காது, இதயத்தில் கட்டிபட்டால் ஆளே இல்லை. கண்டிக்கு அனுப்பி இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சையை எடுத்துப் பார்த்தார்கள். மாத்தயா சொன்னதுதான் சரியாக வந்தது.

"வீராவா? பேரு நல்லாத்தான் இருக்குங்க" என்றார் ராமையா. குடிகாரன் இல்லை என்று டொக்டர் துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ராமையா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டோர் வாசலில் மாட்டிவிட்டார்.

வைத்தியம் எளிமையானது: ரத்தத்தை எடுத்துவிடுவது. கையில் ஊசி ஏற்றி ஒரு பை நிறைய எடுப்பார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு தரம், அளவு இறங்கியதும் ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒரு தரம். மச்சைக் கோளாறுள்ளவரின் ரத்தம் என்பதால் அதை வேறு யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். ராமையாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"கொட்டவா போறீங்க? நம்ம பாக்கியத்துக்கு எட்டுதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ். அதுக்கு ஏத்துங்க."

பாக்கியத்துக்கு உண்மையிலேயே ரத்தம் குறைவு; எட்டு என்பது ஹீமோகுளோபின் கணக்கு, பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இதை நான் சொல்லிக் கேட்ட ஜயசுந்தர மாத்தயா, இருவருடைய ரத்தத்தையும் ஒரு வாளியில் கலந்து சரிபாதியாகப் பிரித்தால் நாட்டிலேயே ஆரோக்கியமான ஜோடி இவர்கள்தான் என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது வாழ்நாளில் மூன்று தரம் இருக்கும்.

முதல் ரத்தம் எடுத்த அன்று வாட் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து புதிதாக வந்த சிங்கள இளைஞர், தங்கமானவர். தமிழ் நோயாளிக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அந்த நாட்களில் அப்படி நினைத்ததற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் ராமையாவுக்குத் தமிழில் சொன்னேன். ராமையா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க சின்னது செல்வி இப்பதான் மூணாவது படிக்குதுங்க. அது பெரிய பரீட்ச எழுதுற வரைக்கும் நான் இருப்பேனுங்களா?"

டொக்டர் யோசித்துச் சொன்னார். இது முழுதாகக் குணமாகாது. ஆனால் மெதுவாகப் போகும் நோய். ஒழுங்காக ரத்தம் எடுத்தால் பத்து, பதினைந்து வருஷம், அதற்கு மேலும் இருக்கலாம். எடுக்காவிட்டால் எப்போது கட்டிபடும் என்று சொல்ல முடியாது. கனகாலத்துக்குப் பிறகு சிலருக்கு மச்சை வேலை செய்து செய்து களைத்துக் காய்ந்துபோவதும் உண்டு.

இவ்வளவையும் ஏழை மனிதரின் தலையில் போட வேண்டுமா என்று எனக்கு இரக்கம். அவருடைய கையைத் தொட்டு, மிக அன்பாக, மிகச் சுருக்கமாக மொழிபெயர்த்தேன்.

"பயப்பிடாதையுங்கோ ராமையா. இது ஆறுதலாப் போற வருத்தம். டொக்டர் சொல்லுற நேரம் வந்து ரத்தத்தைக் குடுங்கோ. மகள் சோதினை எழுதுறதைப் பாப்பீங்கள்."

அவர் முகம் மலர்ந்தது. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நானும் நல்ல காரியம் செய்த பெருமையோடு ஆய்வுகூடத்துக்குத் திரும்பி, மாத்தயாவிடம் ஓர் இஞ்சி டொபி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ராமையா தவறாமல் வந்தார். தலையில் வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கியதுபோல் இருக்கிறது என்றார். முகச் சிவப்பு தணிந்தது. குளித்தார். பாக்கியம் அதைத்தான் பெரிய அதிசயமாகச் சொல்வாள். சிவப்பணு நாற்பத்தைந்துக்கு வந்ததும், "இனி ரண்டு மாதத்தால வாங்கோ" என்று அனுப்பினோம்.

அதன் பிறகு எண்பதுகளின் கடைசிக் குழப்பம், சிங்கள இளைஞரின் கிளர்ச்சி, வந்தது. மாத்தளைப் பக்கம் அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடை அடைப்பு, பஸ் இல்லை, திடீர் திடீரென்று ஊரடங்கு, மதிலில் விடிந்தால் ஒரு புது அறிவித்தல். நாங்கள் வேலைக்கு நடந்து போனோம். ராமையாவின் இரண்டு மாதம் தாண்டியது. மூன்று, நான்கு, ஐந்து மாதம் தாண்டியது. பஸ் ஓடாததால் வர முடியவில்லை என்றே நினைத்தேன். நாடு போகிற போக்கைத் தினமும் திட்டினேன். எல்லாரையும் திட்டினேன், என்னைத் தவிர.

ஒருநாள் காலை பாக்கியம் வந்தாள். தன்னுடைய ரத்தத்தைச் சோதிக்க, யாருடையவோ உழவு இயந்திரத்தில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"ராமையா எங்கை? உழவு மெசினிலை நீங்கள் வரலாமெண்டால் அவரும் வரலாந்தானே?" என்று பாய்ந்தேன்.

"அவருக்குத்தான் நல்லாயிருச்சுங்களே மிஸ்."

"ஆர் சொன்னது?"

"நீங்கதானுங்க சொன்னீங்க! இது ஆறுதலாப் போற வருத்தம்னு. வந்து வந்து ரத்தம் எடுத்ததுல ஆறிருச்சு. கொஞ்ச நஞ்சம் இருக்குறதும் ஆறிப் போயிரும்னு நிம்மதியா இருக்காருங்க."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வருத்தம் என்றால் எல்லாருக்கும் நோய்தான்; ஆனால் எங்கள் ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல். "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்போம், "ஆறுதலா வாங்கோ" என்போம். மலைநாட்டில் ஆறுதல் என்றால் மனதைத் தேற்றுவது; ஆறுவது என்றால் புண் ஆறுவது, குணமாவது. மெதுவாகப் போகும் நோய் என்று நான் சொன்னதை, ஆறிப்போகும் நோய் என்று அவர் கேட்டிருக்கிறார். பஸ்ஸும் ஊரடங்கும் அவரைத் தடுக்கவில்லை. நான்தான் தடுத்திருக்கிறேன்.

"இப்ப ஆள் எப்பிடி இருக்கிறார்?"

"நல்லாத்தான் இருக்காரு. ஒரு வாரமா எடது கை மரத்துப் போகுதுங்குறாரு. கண்ணுல பூச்சி பறக்குதாம். மூஞ்சி மறுபடி செவந்திருச்சு. காமன் கூத்துக்கு ஒடம்பே தயாராவுதுன்னு சிரிக்கிறாருங்க."

மாத்தயாவின் மேசைக்கு ஓடிப்போய், "நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன்" என்று சிங்களத்தில் சொல்லி அழுதேன். அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்றை எடுத்து எறிந்தார். அவருடைய பழைய மொரிஸ் மைனர் காரில் நான் முன்னால், பாக்கியம் பின்னால். அழுகிறவர்களுக்கு வேலை கொடுப்பதுதான் அவர் வழக்கம்; அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை, தலையை வெளியே நீட்டிப் பாதையில் மரம் விழுத்தியிருக்கிறதா என்று பார்ப்பது.

பாதி வழியில் சோதனைச் சாவடி. என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்த இராணுவச் சிப்பாய் பெயரை இரண்டு தரம் வாசித்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். ஜயசுந்தர மாத்தயா தன் வழக்கப்படி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், "லே கன்ன யனவா" என்றார். ரத்தம் எடுக்கப் போகிறோம். அந்த நாட்களில், அந்தப் பாதையில், அதைச் சொல்லத் துணிந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். சிப்பாய் துவக்கை இறுக்கிப் பிடித்தான். பிறகுதான் எங்கள் வெள்ளைக் கோட்டுகள் அவன் கண்ணில் பட்டன. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டிப் போக விட்டான். பின் ஆசனத்தில் பாக்கியம் மாரியம்மனைக் கூப்பிட்டபடி இருந்தாள்.

ராமையா ஸ்டோர் வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கும்பிட வலது கை மட்டும் சரியாக வந்தது. இடது கை பாதியில் நின்றது.

"உடனே வெளிக்கிடுங்கோ. ரத்தம் எடுக்க வேணும்" என்றேன்.

"எதுக்குங்க மிஸ்? அதுதான் ஆறிக்கிட்டு இருக்கே."

"ஆறேல்லை! ஆறுதலா எண்டால் ஆறுறதில்லை. ஆறுதலா எண்டால் ஆறுதலா!"

"அதத்தானுங்களே நானும் சொல்றேன்."

நான் விளக்க விளக்க அது இன்னும் மோசமாகியது. வேறு சொல் எதுவும் வாய்க்கு வரவில்லை. 'மெதுவாக' என்ற சாதாரணச் சொல் அந்த நேரத்தில் எங்கே போய் ஒளிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழர் இருவர் ஒரு தமிழ்ச் சொல்லுக்காக ஸ்டோர் வாசலில் சண்டை பிடிப்பதைத் தமிழ் தெரியாத ஜயசுந்தர மாத்தயா பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், என்ன சொல்ல முயற்சி செய்கிறாய் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் ராமையாவிடம் திரும்பினார்.

"ராமையா, மேக்க ஹெமின் யன லெடக். சனீப வென லெடக் நெவெய்."

இது மெதுவாகப் போகிற நோய், குணமாகிற நோய் இல்லை. சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். ராமையாவின் சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தமானது.

"ஆ, ஹெமினா!" என்றார் ராமையா. முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். காரில் ஏறும்போது என்னைப் பார்த்தார். "அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா மிஸ்?"

ஆஸ்பத்திரியில் குழாயைச் சுற்றிப் பார்த்தபோது சிவப்பு அறுபத்தெட்டில் நின்றது. தாளை மாத்தயாவிடம் நீட்டினேன். இப்படியொரு இலக்கத்தைக் கண்டும் அவர் தவ பாரக் என்று சொல்லாதது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு நாள்தான். தாளைப் பறித்துக்கொண்டு அவரே வாட்டுக்கு நடந்தார்.

ஊசியால் ரத்தம் கெட்டியான கித்துள் பாணிபோல் இழுபட்டு வந்தது. பை நிறைய வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. சேலைன் ஏற்றினார்கள், அடுத்த நாள் திரும்பவும் எடுத்தார்கள். நான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வாட்டுக்குப் போய், "என்ரை விரலை இடது கையாலை இறுக்கிப் பிடியுங்கோ" என்பேன். முதல் நாள் குழந்தைப்பிள்ளை பிடிப்பதுபோல் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் விரலை அவர் நசுக்கினார். நான் கத்தியதில் தாதிமார் ஓடி வந்துவிட்டார்கள்.

"வலிக்குதுங்களா மிஸ்?"

"நல்லா வலிக்குது ராமையா" என்று சொல்லிச் சந்தோஷத்தில் அழுதேன்.

அன்றைக்கு நான் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். எந்த நோயாளிக்கு எதைச் சொன்னாலும், அவர் தன்னுடைய வாயால், தன்னுடைய தமிழில் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வராவிட்டால், தவ பாரக். முதலில் திருப்பிச் சொன்னவர் ராமையாதான். "இது ஆறாதுங்க. ஆனா அவசரப்படாது. நான் வந்துக்கிட்டே இருந்தா அதுவும் பையப் பையத்தான் வரும்" என்றார். எந்த மருத்துவப் புத்தகத்திலும் நான் அவ்வளவு நல்ல விளக்கத்தைப் படித்ததில்லை.

அதன் பிறகு அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. குண்டு வெடித்த வாரங்களிலும் பாதை மூடிய நாட்களிலும் வந்தார். வேறு நோய்களுக்காக வர வேண்டிய லக்கலப் பக்கத்து ஆட்கள், காட்டு யானை நிற்கிறது என்று சாட்டுச் சொல்லி வராமல் விட்டால், ராமையாவைக் காட்டி ஏசுவேன். கொஞ்ச வருஷத்தில் மாத்திரை வந்தது, ரத்தம் எடுப்பது குறைந்தது. ஆய்வுகூடத்தில் அவர் பெயர் ஹெமின் ராமையா. செல்வி பெரிய பரீட்சை எழுதினாள். உயர்தரமும் எழுதினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகப் போனாள். ஜயசுந்தர மாத்தயா ஓய்வு பெற்றபோது அவருக்கு ராமையா கொண்டுவந்த மிளகுப் பொதியை ஒருவரால் தூக்க முடியவில்லை. மாத்தயா காலமானபோது, செத்த வீட்டில் கடைசிவரை நின்ற சிலரில் அவரும் ஒருவர்.

வேலையில் என்னுடைய கடைசி வருஷம். ராமையாவின் முகத்தில் சிவப்பு இல்லை. நான் சந்தோஷப்படவில்லை. இடது பக்கத்து மண்ணீரல் வீங்கி வயிறு முன்னுக்கு வந்திருந்தது. பழைய குழாயையே எடுத்துச் சுற்றினேன். சிவப்பு இருபத்திரண்டில் நின்றது. இந்த முறை தவ பாரக் சொல்ல மாத்தயா இல்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டு மூன்று தரம் செய்தேன். இருபத்திரண்டுதான். இருபது வருஷம் நிறுத்தாமல் எரிந்த அடுப்பு களைத்துவிட்டது. அன்றைக்கு அந்த டொக்டர் சொன்ன கடைசி வசனத்தை, நான் மொழிபெயர்க்காமல் விட்ட வசனத்தை, குழாய் எனக்குக் காட்டியது. கதிரையில் இருந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வாட்டுக்குப் போய், இந்த முறை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். நான் கேளாமலே திருப்பியும் சொன்னார். "அப்ப மச்சை காஞ்சு போச்சுங்க. இனி எடுக்குறதில்ல, ஏத்துறது." கொஞ்சம் யோசித்தார். "இருவது வருஷமா நீங்க கொட்டுனத அப்புடியே வச்சிருந்தா இப்ப ஒதவியிருக்கும்ல?"

நான் சிரித்தேன். பாக்கியமும் சிரித்தாள். அவளுக்கு அப்போது ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருந்தது. அதைச் சொல்லி அவரைச் சீண்டவும் செய்தாள்.

மாதம் ஒரு தரம் வந்து ரத்தம் ஏற்றினார். பொருத்தம் பார்க்கும் வேலையை நானே செய்தேன். நான் பொருத்தம் பார்த்த கடைசிப் பையும் அவருக்குத்தான், நான் ஓய்வு பெற்ற அன்று. டீச்சர் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது, அவரும் கேட்கவில்லை. பையில் பாதி இறங்கியிருந்தது. என்னுடைய பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அவசர அவசரமாகப் போய்வருகிறேன் என்று சொல்லி வாசலுக்கு ஓடினேன்.

"மிஸ்!" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். குழாய் மாட்டாத கையை, அந்த இடது கையை, உயர்த்தி ஆட்டினார்.

"ஏன் ஓடுறீங்க? ஆறுதலா போங்க."

எந்த ஊர் ஆறுதலைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டில் ஆறுதலாகத்தான் இறங்கினேன். பஸ் போய்விட்டது.